போதைவஸ்துச் சட்டங்களும் பெண்களும்: ஒரு நூற்றாண்டுக் கதை



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

இப்போது ஊருக்கு ஊர் போதை ஒழிப்புக் கூட்டம் நடக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகிகள், இளைஞர் கழகத்தினர், பொலிஸ் பொறுப்பதிகாரி, பாடசாலை அதிபர்மார் என்று எல்லோரும் வருகிறார்கள். குத்பாவிலும் இதே பேச்சுத்தான். நல்ல விடயம். ஐஸும் குடுவும் கேரளக் கஞ்சாவும் நமது பிள்ளைகளை என்ன பாடு படுத்துகின்றன என்று யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தக் கூட்டங்களின் மேடையிலும் கதிரைகளிலும் இருப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள். வீட்டுக்குள் போதை நுழைந்தால் முதலில் அறிகிறவர்கள் உம்மாவும் மனைவியும் ராத்தாவும்தான். அலுமாரியில் இருந்த நகை குறைவது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். பொலிஸ் வந்தால் வாசலில் நிற்பதும் அவர்கள்தான். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

இந்தக் குறை நமது ஊரோடு நிற்கவில்லை. உலக நாடுகள் கூடிப் போதைவஸ்துக்கு எதிராகச் சட்டம் எழுதத் தொடங்கி நூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அந்தச் சட்டங்களிலும் பெண்ணுக்கு வெகுகாலம் இடமிருக்கவில்லை. அந்த வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

*ஒரே வரியில் பெண்ணும் அபினும்*

19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியர் இந்தியாவில் விளைந்த அபினைச் சீனாவில் விற்பதற்காக இரண்டு யுத்தங்கள் செய்தார்கள் (1839–42, 1856–60). அந்த வியாபாரத்துக்கு எதிரான குரல்கள் வலுத்த பின்னர், 1909 பெப்ரவரியில் ஷங்காய் நகரில் 13 நாடுகள் கூடின. பிலிப்பைன்ஸில் பணியாற்றிய சார்ள்ஸ் பிரென்ட் என்ற கிறிஸ்தவ ஆயர் தலைமை தாங்கினார். அதன் தொடர்ச்சியாக 1912 ஜனவரியில் ஹேக் நகரில் அபின் பற்றிய முதலாவது சர்வதேச உடன்படிக்கை கைச்சாத்தானது.

முதலாம் உலக யுத்தம் முடிந்து 'தேசங்களின் கூட்டமைப்பு' உருவானபோது அதன் சாசனத்தில் ஒரு வேலை எழுதப்பட்டது. அந்தச் சாசனத்தின் 23ஆம் உறுப்புரையில், பெண்களையும் சிறுவர்களையும் கடத்துவது பற்றிய உடன்படிக்கைகளும் அபின் முதலான ஆபத்தான மருந்துகளைக் கடத்துவது பற்றிய உடன்படிக்கைகளும் ஒரே பிரிவில், ஒரே வரியில் சேர்க்கப்பட்டிருந்தன. இரண்டையும் கண்காணிக்கும் பொறுப்பு அந்தக் கூட்டமைப்புக்குக் கொடுக்கப்பட்டது.

அந்த இரண்டு வேலைகளுக்கும் ஜெனீவாவில் ஒரே அலுவலகப் பிரிவு இருந்தது. 1919 முதல் 1931 வரை அதன் தலைவியாக இருந்தவர் ரேச்சல் கிரவ்டி என்ற ஆங்கிலேயப் பெண். யுத்த காலத்தில் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் தொண்டர் தாதியர் படையை நடத்தியவர். அந்தச் செயலகத்தில் ஒரு பிரிவுக்குத் தலைமை வகித்த பெண் அவர் ஒருவர்தான். அமெரிக்காவின் எலிசபெத் வொஷ்பர்ன் ரைட் என்ற அம்மையாரும் அபின் ஆலோசனைக் குழுவில் இருந்தார். ஷங்காய்க்கும் ஹேக்குக்கும் போன ஹமில்டன் ரைட்டின் மனைவி அவர். 1917இல் கணவர் இறந்த பிறகு அந்த வேலையைத் தன் கையில் எடுத்தவர்.

ஆக, தொடக்கத்தில் பெண்கள் இந்த வேலையில் இருந்தார்கள். ஆனால் எழுதப்பட்ட உடன்படிக்கைகள் எவ்வளவு அபின் விளைகிறது, எவ்வளவு ஏற்றுமதியாகிறது, எத்தனை கிலோ மருந்துக்குத் தேவை என்ற கணக்கைப் பற்றியே பேசின. அபின் வந்த வீட்டில் யார் எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வி அந்தக் கணக்குக்குள் வரவில்லை.

இரண்டாம் யுத்தத்துக்குப் பிறகு அந்த ஒரே வரியும் பிரிந்தது. 1946இல் ஐக்கிய நாடுகள் சபை போதைப்பொருட்களுக்கு ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அதே வருடம் பெண்களின் அந்தஸ்துக்கு வேறோர் ஆணைக்குழுவை அமைத்தது. ஒரு கூட்டத்தில் போதை, இன்னொரு கூட்டத்தில் பெண். இரண்டு கூட்டங்களும் தம்பாட்டில் நடந்தன.

*தராசுச் சட்டம்*

இன்று உலகம் முழுவதும் உள்ள போதைவஸ்துச் சட்டங்களுக்கு அத்திவாரம் மூன்று ஐ.நா. சமவாயங்கள். 1961, 1971, 1988 ஆகிய வருடங்களில் வந்தவை. 1961ஆம் ஆண்டுச் சமவாயம் மனித குலத்தின் ஆரோக்கியத்தையும் நலனையும் முன்வைத்துத் தொடங்குகிறது. நோவுக்கு மருந்து கிடைக்க வேண்டும், துஷ்பிரயோகம் நடக்கக் கூடாது என்ற இரண்டும் அதில் உண்டு. 1988இல் வந்த மூன்றாவது சமவாயத்தில் தண்டனைதான் மையம். எந்தெந்தச் சூழ்நிலைகளைக் குற்றத்தைக் கடுமையாக்குவனவாக நீதிமன்றங்கள் கவனிக்கலாம் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. பாடசாலைக்குள் அல்லது அதன் அருகில் நடந்தால், சிறைச்சாலைக்குள் அல்லது அதன் அருகில் நடந்தால் என்பவையும் அந்தப் பட்டியலில் உள்ளன. சிறைச்சாலை என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே அதற்கு வருவோம்.

நமது நாட்டின் சட்டம் இன்னும் பழையது. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் ஆபத்தான மருந்துகள் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் அதைத் திருத்தி, 2 கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் கடத்தினால் அல்லது வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று ஆக்கியது. 2022இல் வந்த திருத்தம் ஐஸையும் சேர்த்தது. 1976க்குப் பிறகு இங்கே யாரும் தூக்கிலிடப்படவில்லை என்பதால், மரண தண்டனை பெற்றவர்கள் சிறையிலேயே காலம் கழிக்கிறார்கள். இப்படியான வழக்குகளில் பிணை இலகுவில் கிடைப்பதில்லை. விளக்கமறியலே வருடக் கணக்கில் நீளும்.

இந்த மாதிரிச் சட்டங்கள் எல்லாவற்றிலும் பொதுவாக ஒரு பொருள் இருக்கிறது. அது தராசு. எத்தனை கிராம், எத்தனை கிலோ என்று தராசு சொல்வதே தண்டனையின் அளவு. கையில் அது எப்படி வந்தது, யார் கொடுத்தார், எவ்வளவு பணம் கிடைத்தது, தெரிந்து கொண்டுபோனாரா, பயந்து கொண்டுபோனாரா என்பதெல்லாம் தராசுக்குத் தெரியாது.

கடத்தல் வியாபாரம் நடக்கும் விதத்தைப் பார்த்தால் இதன் விளைவு விளங்கும். பெரிய முதலாளி சரக்கைத் தொடுவதேயில்லை. அவர் தொலைபேசியில் இருப்பார், வெளிநாட்டில் இருப்பார். சரக்கு எப்போதும் கடைசி ஆளின் பையில்தான் இருக்கும். பிடிபடும்போது முழு எடையும் அவர் மேல் விழும். அந்தக் கடைசி ஆளாகப் பெண்ணைப் பிடிப்பது வியாபாரிகளுக்கு வசதி. சந்தேகம் குறைவு, கூலி குறைவு, இடத்துக்கு ஆளும் உடனே கிடைக்கும். ஐ.நா. போதைப்பொருள் அலுவலகம் 2018இல் வெளியிட்ட உலக அறிக்கையின்படி, உலகச் சிறைகளில் உள்ள பெண்களில் ஏறத்தாழ 35 வீதத்தினர் போதைவஸ்துக் குற்றத்துக்காக உள்ளே இருப்பவர்கள். ஆண்களில் அது 19 வீதம். மொத்த எண்ணிக்கையில் ஆண்களே மிக அதிகம் என்பது உண்மை. ஆனால் ஒரு பெண் சிறைக்குப் போகிறாள் என்றால் அதற்குக் காரணம் போதைவஸ்து வழக்காக இருக்கும் வாய்ப்பு ஆணை விட அதிகம்.

*சூட்கேஸ் சுமந்த பெண்*

2010இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா விமான நிலையத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் பிடிபட்டார். முன்பு டுபாயில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தவர். இரண்டு பிள்ளைகளின் தாய். சூட்கேஸுக்குள் 2.6 கிலோ ஹெரோயின் இருந்தது. வேலை தருவதாகச் சொன்னவர்களே அந்தப் பையைத் தந்தார்கள், உள்ளே என்ன இருந்தது என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னார். நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2015 ஏப்ரல் 29 அன்று அவரோடு பட்டியலில் இருந்த எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவரை ஆள் சேர்த்ததாகச் சொல்லப்பட்டவர் பிலிப்பைன்ஸில் சரணடைந்ததால், கடைசி நேரத்தில் அவரது தண்டனை நிறுத்தப்பட்டது. அதன் பிறகும் சுமார் ஒன்பதரை வருடங்கள் சிறையில் இருந்து, 2024 டிசம்பரில்தான் சொந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டார்.

மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகப் போனவர்கள் நம்மில் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்! முகவர் சொன்ன கதையை நம்பிப் பிரயாணம் செய்வது எப்படியிருக்கும் என்று நமது உம்மாமாருக்குத் தெரியும். யாரோ தந்த பொதியை ஊருக்குக் கொண்டு வந்து கொடுத்தவர்களும் நம்மிடையே உண்டு. இந்தச் சம்பவம் நமக்குத் தூரத்துக் கதையல்ல.

*ஆப்கானில் நடந்தது*

கடத்தலில் மட்டும்தான் பெண் பாதிக்கப்படுகிறாள் என்றில்லை. பயிரை அழிக்கும் கொள்கையும் அவள் தலையில் விழும்.

ஆப்கானிஸ்தானில் ஏழை விவசாயிகள் அபின் அறுவடைக்கு முன்பே வியாபாரியிடம் முற்பணம் வாங்குவார்கள். அதற்கு அங்கே 'ஸலம்' என்று பெயர். பிக்ஹுப் பாடத்தில் நாம் படித்த முற்பண வியாபாரத்தின் பெயர்தான் அது. 2000ஆம் ஆண்டு தலிபான்கள் அபின் செய்கையைத் தடை செய்தார்கள். ஏறக்குறைய 82,000 ஹெக்டேயராக இருந்த செய்கை அடுத்த வருடம் 8,000 ஹெக்டேயரளவுக்கு இறங்கியது. உலகம் கைதட்டியது. ஆனால் பயிர் இல்லாமல் போனாலும் கடன் இல்லாமல் போகவில்லை. பின்னர் வேறு அரசாங்கத்தின் காலத்தில் வயல்களை அழித்தபோதும் இதே நிலைதான். கடனைக் கட்ட வழியில்லாத சில குடும்பங்கள் சிறு வயது மகளைக் கடன்காரருக்கு நிக்காஹ் செய்து கொடுத்தன. அந்தப் பிள்ளைகளை வெளிநாட்டுப் பத்திரிகைகள் 'அபின் மணப்பெண்கள்' என்று எழுதின.

வயலை அழிக்கத் திட்டம் போட்டவர்கள் அந்தப் பெண் பிள்ளைகளுக்குக் கெடுதி நினைத்திருக்க மாட்டார்கள். அவர்களைப் பற்றி நினைக்கவே இல்லை என்பதுதான் பிரச்சினை. ஹெக்டேயர் கணக்கில் அவர்கள் எங்கும் தென்படவில்லை.

*வார்த்தைகள் மாறிய வருடங்கள்*

மாற்றம் சிறைச்சாலைப் பக்கமிருந்து வந்தது. தாய்லாந்தின் சிறைகளில் இருந்த பெண்களில் மிகப் பெரும்பாலோர் போதைவஸ்து வழக்குக் கைதிகள். அந்நாட்டு இளவரசி பஜ்ரகித்தியபா 2006இல் சிறையிலுள்ள பெண்களுக்காக ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அந்த முயற்சி வளர்ந்து 2010 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை 'பாங்கொக் விதிகள்' என்ற 70 விதிகளை ஏற்றுக்கொண்டது. கர்ப்பிணிகளையும் சிறு பிள்ளைகளின் தாய்மாரையும் இயன்றவரை சிறைக்கு அனுப்பாமல் வேறு தண்டனை கொடுக்க வேண்டும், போதைக்கு அடிமையான பெண்களுக்கென்று தனியான சிகிச்சை வேண்டும் என்பவை அவற்றில் அடங்கும்.

பிறகு போதைப்பொருள் ஆணைக்குழுவும் அசைந்தது. 2012இல் பெண்களின் தேவைகள் பற்றி ஒரு தீர்மானம். 2016 மார்ச்சில் எல்லாப் போதைப்பொருள் கொள்கைகளிலும் ஆண், பெண் இருபாலார் நிலையையும் கவனிக்க வேண்டும் என்று இன்னொரு தீர்மானம். அதே வருடம் ஏப்ரல் 19 முதல் 21 வரை நியூயோர்க்கில் ஐ.நா.வின் விசேட கூட்டத்தொடர் நடந்தது. அதன் முடிவு ஆவணம், இந்தக் கொள்கைகளை வகுப்பது முதல் மதிப்பிடுவது வரை எல்லாக் கட்டங்களிலும் பெண்கள் பங்குபற்ற வேண்டும் என்று சொன்னது.

சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சபை தனது 2016ஆம் வருட அறிக்கையின் முதல் அத்தியாயத்தையே பெண்களுக்கு ஒதுக்கியது. உலகில் போதைவஸ்து பாவிப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள், சிகிச்சை பெறுபவர்களில் ஐந்தில் ஒரு பங்கினரே பெண்கள் என்று அது காட்டியது. காரணங்களை ஊகிப்பது கஷ்டமில்லை. பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுச் சிகிச்சைக்குப் போவது? போனால் பிள்ளையைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம். ஊர் என்ன சொல்லும் என்ற பயம். பல சிகிச்சை நிலையங்கள் ஆண்களை மனதில் வைத்தே கட்டப்பட்டவை.

*சட்டத்தைத் திருத்திய நாடுகள்*

தீர்மானங்கள் கடதாசியில்தானே என்று நீங்கள் கேட்கலாம். சில நாடுகள் செய்து காட்டியிருக்கின்றன.

கொஸ்டாரிக்காவில், சிறையிலிருக்கும் கணவனை அல்லது மகனைப் பார்க்கப் போகும் பெண்கள் உடலில் மறைத்துப் போதைவஸ்து கொண்டுபோய்ப் பிடிபட்டார்கள். சிறைச்சாலைக்குள் நடந்த குற்றம் என்பதால் 8 முதல் 20 வருடம் வரை தண்டனை. மேலே சொன்ன சிறைச்சாலை என்ற சொல் எவர் மேல் விழுகிறது பாருங்கள். அரச சட்டத்தரணிகள் அந்தப் பெண்கள் யாரென்று ஆராய்ந்தார்கள். பெரும்பாலோர் ஏழைகள், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள், முன்பு குற்றம் செய்யாதவர்கள். 2013இல் சட்டம் திருத்தப்பட்டது. வறுமை, குடும்பத்தைத் தனியே தாங்கும் நிலை, சிறுவர்களை அல்லது வயோதிபரை அல்லது மாற்றுத்திறனாளிகளைப் பராமரிக்கும் பொறுப்பு என்று காரணங்கள் இருந்தால் தண்டனை 3 முதல் 8 வருடம். சிறைக்குப் பதில் வேறு தண்டனைக்கும் இடமுண்டு. அதன் பயனாக நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் வீடு திரும்பினார்கள்.

இங்கிலாந்தில் சரக்கைச் சுமந்து வந்து சிறைப்பட்ட 12 பெண்களின் கதைகளை ஒரு சிறு ஆய்வு கேட்டறிந்தது. 2012இல் அங்கு வந்த புதிய தண்டனை வழிகாட்டி எடையோடு சேர்த்து, குற்றத்தில் ஒருவர் வகித்த பங்கையும் பார்க்கச் சொன்னது. தலைமை தாங்கியவருக்கு ஓர் அளவு, ஏமாற்றப்பட்டோ அழுத்தத்துக்கு உள்ளாகியோ சுமந்தவருக்கு வேறோர் அளவு. இந்த விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான்.

எல்லா இடத்திலும் நேர்கோட்டில் நடக்கவில்லை. எக்குவடோர் 2008இல் சிறு அளவு சுமந்து பிடிபட்ட 2,000க்கு மேற்பட்ட ஆண் பெண் கைதிகளுக்கு மன்னிப்பளித்து விடுவித்தது. ஆனால் 2015இல் சட்டத்தைத் திரும்பவும் இறுக்கியது.

*ஒரு நியாயமான கேள்வி*

"பெண்ணுக்குச் சலுகை கொடுத்தால் வியாபாரிகள் இன்னும் கூடுதலாகப் பெண்களைப் பாவிக்க மாட்டார்களா?"

கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு இரண்டு விடயங்களைச் சொல்லலாம். முதலாவது, வியாபாரிகள் பெண்களைத் தெரிவு செய்வது தண்டனை குறைவு என்பதற்காக அல்ல. தண்டனை உச்சத்தில் இருந்த காலத்தில்தான் சிறைகள் பெண்களால் நிரம்பின. பிடிபடும் பெண்ணுக்குக் கிடைக்கும் தண்டனை முதலாளிக்கு நட்டமில்லை, அவர் அடுத்த நாள் வேறொருத்தியைத் தேடுவார். இரண்டாவது, மேலே சொன்ன நாடுகள் "பெண் என்றால் விட்டுவிடு" என்று சொல்லவில்லை. எடையோடு ஆளையும் பார் என்றே சொல்கின்றன. தெரிந்தே வியாபாரம் நடத்திக் காசு குவித்த பெண் பொறுப்புச் சொல்லத்தான் வேண்டும். ஏமாந்து சுமந்த ஆணுக்கும் அதே கவனம் கிடைக்க வேண்டும். மார்க்கத்தில் போதை ஹராம் என்பதில் நமக்கு இரண்டாம் பேச்சில்லை. ஒருவர் பாவத்தை இன்னொருவர் தலையில் சுமத்தக் கூடாது என்பதும் அதே மார்க்கம் சொன்னதுதான்.

*நமது ஊருக்கு வருவோம்*

சர்வதேச சமவாயத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் ஊர்க் கூட்டத்தை நாம் மாற்றலாம். கணவன் வியாபாரி என்பதற்காக மனைவியோடு பேசாமல் விடுவது, அந்த வீட்டுப் பெண் பிள்ளைக்கு வரும் சம்பந்தத்தைக் கலைப்பது, உம்மா விளக்கமறியலில் இருக்கிறார் என்று பிள்ளையை வகுப்பில் ஒதுக்குவது என்று நம்மிடமும் ஒரு தராசு இருக்கிறது. வகுப்பறையில் நிற்கும் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு இந்தப் பிள்ளைகளைத் தெரியும். சாப்பாடு கொண்டு வராத நாள் தெரியும். அடிக்கடி வராமல் போய், ஒரு நாள் பாடசாலையை விட்டே விலகுவதும் தெரியும். அந்தப் பிள்ளை யாருடைய கைக்குப் போகும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

ஆகவே இன்ஷா அல்லாஹ், இந்த மூன்றையும் யோசிப்போம்.

ஒன்று, போதை ஒழிப்புக் குழுக்களில் பெண்களையும் சேர்ப்போம். மாதர் சங்கத் தலைவி, குடும்ப நல உத்தியோகத்தர், ஆசிரியைகள், அஹதிய்யா முஅல்லிமாக்கள், பிள்ளையைப் போதைக்குப் பறிகொடுத்த ஓர் உம்மா. அவர்கள் பெயருக்கு இருக்காமல், முடிவெடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு, வீட்டில் ஒருவர் பாவிக்கிறார் என்று ஒரு பெண் உதவி கேட்டு வந்தால் அந்த விடயம் வெளியே போகாது என்ற உறுதி வேண்டும். அடுத்த நாளே பெயர் ஊர் முழுக்கப் போகும் என்றால் யாரும் வரமாட்டார்கள். பெண்கள் தங்கிச் சிகிச்சை பெறும் வசதி நமது பகுதிகளில் மிகக் குறைவு. அதைக் கேட்டுப் பெறவும் நாம்தான் குரல் கொடுக்க வேண்டும்.

மூன்று, தாய் சிறையில் இருக்கும் பிள்ளையின் படிப்புச் செலவையும் சாப்பாட்டையும் ஸகாத் நிதியில் கவனிப்போம். பைத்துல்மால் நிர்வாகிகள் உலமாக்களிடம் கேட்டு ஒரு முடிவுக்கு வரலாம். அந்தப் பிள்ளையின் பெயரை யாரும் ஒலிபெருக்கியில் சொல்லத் தேவையில்லை.

உங்கள் ஊரின் குழுவில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். நல்ல முறையில் நடத்துகிற ஊர் ஏதும் இருந்தால், எப்படிச் செய்கிறார்கள் என்றும் எழுதுங்கள். மற்ற ஊர்க்காரர்கள் படித்துப் பயன் பெறட்டும்.

அல்லாஹ் நமது பிள்ளைகளையும் வீடுகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.